பார்க்கின்சன்: வீடியோ அழைப்பிலேயே முதல் மதிப்பீடு செய்யலாமா?

கவின்_இயன்முறை: கூடாது என்பேன். தசை விறைப்பைக் கையால் அசைத்துத்தான் உணர முடியும். தோளைப் பின்னால் இழுத்துப் பார்க்கும் சோதனையும் அப்படியே. பார்க்கின்சனை அளக்கும் எம்டிஎஸ்-யுபிடிஆர்எஸ் அளவுகோலில், அசைவுகளைச் சோதிக்கும் மூன்றாம் பகுதியில் இவ்விரண்டும் போனால் மொத்த மதிப்பெண்ணுக்கு என்ன பொருள்?

தாமரை: மொத்தம் போடாதீர்கள். விடுபட்டவற்றுக்குப் பூஜ்யம் போடாமல் 'மதிப்பிடவில்லை' என்று குறியுங்கள். நமக்கு முதலில் தெரிய வேண்டியது விழும் அபாயம். கடந்த 12 மாதங்களில் விழுந்தாரா? கடந்த மாதம் ஃப்ரீசிங் வந்ததா, அதாவது கால் தரையோடு ஒட்டிக்கொண்டதா? இயல்பு நடை விநாடிக்கு 1.1 மீட்டருக்குக் குறைவா? மூன்றையும் வீடியோவில் அறியலாம். தரையில் 4 மீட்டருக்கு டேப் ஒட்டி, இருபுறமும் ஒரு மீட்டர் கூடுதலாக விட்டு நடக்கவிடுங்கள். டேப்புக்கு டேப் 3.6 விநாடியைத் தாண்டினால் மெதுநடை.

கவின்_இயன்முறை: நேரக் கணக்கே அங்கு நம்பத்தக்கதல்ல. நீங்கள் 'ஆரம்பிங்க' என்பது போய்ச்சேர ஒரு தாமதம், அவர் அசைவது திரும்பிவர இன்னொன்று. ஐந்து முறை எழுந்து உட்காரும் சோதனையில் எல்லை 16 விநாடி. அரை விநாடி ஏறினாலே 15.7 எடுத்தவர் அபாயப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்.

தாமரை: வீட்டிலிருப்பவரை அங்கிருந்தே குரல் கொடுக்கச் சொல்லுங்கள். ஒலியும் படமும் ஒரே தாமதத்தோடு வருவதால் பெருமளவு கழிந்துவிடும். முதல் அசைவிலிருந்து எண்ணாதீர்கள். தொடங்கத் திணறும் நேரம்தான் இந்நோயில் முக்கியம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உயரத்தை அளந்து எழுதுங்கள். மறுமுறையும் அதே நாற்காலி.

பரிதி: விரல் தட்டலை, அதாவது கட்டைவிரலில் ஆள்காட்டி விரலை வேகமாகத் தட்டும் சோதனையை மறந்துவிட்டீர்களே. இணைப்பு திணறினால் விரல் நின்றதா, படம் நின்றதா என்றே தெரியாது. மங்கல் வெளிச்சத்தில் ஃபோன் கேமரா ஃபிரேமைக் குறைக்கும். விநாடிக்கு 4 முதல் 6 முறை வரும் நடுக்கம் வெறும் மங்கலாகிவிடும். விளக்கை முகத்துக்கு எதிரே வைத்து, ஃபோனிலேயே பதிவுசெய்து அனுப்பச் சொல்வதே மேல். பார்க்கின்சன் மருந்தான லெவோடோபாவைக் கடைசியாக எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதையும் குறியுங்கள். ஆன் நிலையில் (மருந்து வேலைசெய்யும்போது) எடுத்ததை ஆஃப் நிலையோடு (அதன் பலன் குறைந்தபோது) ஒப்பிட்டு 'தேறிவிட்டார்' என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

கவின்_இயன்முறை: ஃப்ரீசிங்கைத் தூண்ட நின்ற இடத்தில் வேகமாக முழுச்சுற்றுத் திரும்பச் சொல்ல வேண்டும். விழுந்தால் பிடிக்க யார்?

தாமரை: பிடிக்க ஆளில்லாவிட்டால் அந்தச் சோதனையே வேண்டாம், உட்கார்ந்து செய்பவை மட்டும். ஆள் இருந்தால் பக்கவாட்டில் அரையடி பின்னே நிற்கட்டும்; முன்னே நின்றால் பாதையும் மறையும், கேமராவும் மறையும். அதற்குமுன் ரத்த அழுத்தம்: 5 நிமிடம் படுத்தபின் ஒன்று, எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் ஒவ்வொன்று. மேல் அளவு 20 இறங்கினால் அன்று நிற்கும் சோதனை கிடையாது.

கவின்_இயன்முறை: தொடர் மதிப்பீட்டுக்கு இதெல்லாம் சரி, மேடம். முதல்முறை விறைப்பைத் தொட்டுப் பார்க்காமல் பயிற்சி எழுத எனக்கு இன்னும் சம்மதமில்லை.