என்றார் தாத்தா மெல்ல: வினையடைச் சிலேடை கட்டுபவர்களின் குறிப்புகள்

"பல் செட்டை எடுத்துக் கொடு" என்றார் தாத்தா மெல்ல.

விளையாட்டு முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. தாழ்ந்த குரலுக்கும் 'மெல்ல', பல் செட் எதற்கு என்பதற்கும் 'மெல்ல'. ஆங்கிலத்தில் இதற்கு டாம் ஸ்விஃப்டி என்று பெயர். 1910இல் தொடங்கிய டாம் ஸ்விஃப்ட் சிறுவர் கதைகளில் யாரும் சும்மா பேசமாட்டார்கள். ஆவலாக, கம்பீரமாக என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். அந்த நடையைக் கிண்டலடித்துப் பிறந்தது.

கட்டும்போது வாலில் தொடங்குங்கள். பேச்சை முதலில் எழுதிவிட்டு வினையடையை, அதாவது எப்படிச் சொன்னார் என்று காட்டும் சொல்லை, தேடினால் அநேகமாகக் கிடைக்காது. 'என்றார்' பக்கத்தில் இயல்பாக உட்காரும் சொற்கள் பத்தை எழுதிக்கொண்டு, எதற்கு இரண்டாவது பொருள் இருக்கிறது என்று பாருங்கள்.

"இஸ்திரி போட்டும் போகவில்லை" என்றான் சுருக்கமாக.
"ஃப்ரீசர் வேலை செய்யவில்லை" என்றாள் உருக்கமாக.
"தோட்டம் முழுக்கப் புல் மண்டிவிட்டது" என்றார் களைப்பாக.

பேச்சுக்குள் அதே வேர்ச்சொல் வந்துவிடக் கூடாது. "ஐஸ் உருகிவிட்டது" என்று எழுதினால் பட்டாசு அங்கேயே வெடித்துவிடும். 'உருக்கமாக' வரும்போது புகைதான் மிச்சம்.

* * *

'ஆக'விலேயே ஏன் சுற்றவேண்டும்? 'ஆமல்' பக்கம் வாருங்கள், அள்ள அள்ளக் கிடைக்கும்.

"பிரேக் பிடிக்கவில்லை" என்றான் நிறுத்தாமல்.
"பசை காய்ந்துவிட்டது" என்றாள் ஒட்டாமல்.
"திசைகாட்டியைத் தொலைத்துவிட்டேன்" என்றான் வழியில்லாமல்.

எதிர்மறை எச்சம் நடந்த கோளாறையும் சொல்லிவிடுகிறது, பேசுபவரின் போக்கையும் காட்டிவிடுகிறது. உடன்பாட்டு எச்சத்தில் இந்த வசதி குறைவு. இருந்தாலும் "திருடனை விடவில்லை" என்றார் காவலர் தொடர்ந்து, என்பது தேறும்.

* * *

சொல்வரிசையைக் கவனியுங்கள். 'என்று மெல்லச் சொன்னார்' என்பதுதான் வழக்கமான தமிழ். ஆனால் அதில் சிலேடை வினைமுற்றுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் போகிறது. வினையடை கடைசிச் சொல்லாக நிற்கட்டும். அதற்கு முன்னால் காற்புள்ளி வேண்டாம், ஆச்சரியக்குறியும் வேண்டாம்; இரண்டும் 'இப்போது சிரியுங்கள்' என்று கையைப் பிடித்து இழுப்பவை.

* * *

இரண்டு இடத்தில் சறுக்கும்.

"கத்தியைத் தீட்டியாயிற்று" என்றான் கூர்மையாக. இது நிற்காது. கத்தியின் கூர்மையே பேச்சுக்கும் உவமையாகப் பழகிவிட்டது. இரு பொருளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மோதல் இல்லை. உருக்கமாக, சுருக்கமாக இரண்டிலும்கூட அதனதன் இரு பொருளும் ஒரே வேரில் வந்தவைதான், ஆனால் ஃப்ரீசருக்கும் துக்கத்துக்கும் நடுவே தாண்டுவதற்கு இடைவெளி இருக்கிறது. 'மெல்ல'வில் இரு பொருளுக்கும் தொடர்பே இல்லை. அதனால்தான் அது முதல் தரம்.

அடுத்தது: "ஒரு கிலோ சரியாக இருக்கிறது" என்றார் கடைக்காரர் நிறுத்தி நிதானமாக. காது ஏற்றுக்கொள்ளும், இலக்கணம் விடாது. எடை போடும் 'நிறு' எச்சமாகும்போது 'நிறுத்து'. 'நிறுத்தி' என்பது நிற்கவைப்பது. மேடையில் தப்பிக்கலாம், எழுத்தில் பிடிபடுவோம். காளமேகம் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் பொதுவாக 'நஞ்சிருக்கும்' என்று வைத்தபோது இப்படி வளைக்கவில்லை. 'நைந்து' என்பது 'நஞ்சு' என்று வழங்கியது. பாம்புக்கு விஷம், பழத்துக்குக் குழைவு.

* * *

மேலே உள்ளவை பெரும்பாலும் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லும் செம்மொழிச் சிலேடை, அதாவது சொல்லைப் பிரிக்காமல் இரு பொருள். பிரிமொழியில் வினையடை அமைவது அபூர்வம். பேச்சுத்தமிழை உள்ளே விட்டால் ஒன்று அகப்படும்:

"உதிரிப் பூவையெல்லாம் கோத்தாச்சு" என்றான் அவசரமாக.

'அவ சரமாக' என்று பிரித்தால் கோத்தது யார், எப்படி என்ற இரண்டும் வந்துவிடும். எழுதும்போது இடைவெளி விடாதீர்கள். வாய்விட்டுச் சொல்லும்போது மட்டும் 'அவ'வுக்குப் பிறகு அரை மாத்திரை தயங்கினால் போதும்.