புதுப்பிப்பு: பழைய கேம்பர் வேன் சில் பேனல் (கதவுக்குக் கீழ நீளமா ஓடுற பாடி தகடு) துரு, வெல்டிங் முடிஞ்சுது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. வெல்ட் வெச்சா தகடு ஓட்டையாகுது, நெளியுதுன்னு கேட்டிருந்தேன்ல, கைகொடுத்தது பின்னாடி செம்புத் தகடு வெச்சு புள்ளி புள்ளியா டேக் (சின்னச் சின்ன வெல்ட்) போடுற ஐடியாதான். மிக் வெல்டிங் மெஷின்ல 0.6 மி.மீ. வயர், ஒரு புள்ளி இங்க, அடுத்தது நல்லா தள்ளி, சூடு ஆறினப்புறம்தான் நடுவுல நிரப்பணும், பொறுமை ரொம்ப வேணும்.

எதிர்பாக்காதது என்னன்னா வெளி சில்லை வெட்டினதும் உள் தகடும் கையோட உதிர்ந்து வந்துடுச்சு. நல்லவேளை ஒருத்தர் சொன்னபடி கதவு வாசல்ல குறுக்குக் கம்பி வெல்ட் பண்ணிட்டுத்தான் வெட்டினேன், இல்லன்னா பாடி தொங்கி கதவே சரியா மூடியிருக்காது. தகடு மேல தகடு வர்ற இடத்துல ஜிங்க் பிரைமர், அப்புறம் சீம் சீலர் (இணைப்பு இடுக்கை அடைக்கிற பசை), பெயிண்ட். கேவிட்டி வாக்ஸ் (சில்லுக்குள்ள துரு வராம அடிக்கிற மெழுகு) கடைசியிலதான் அடிக்கணும், வெல்டிங் சூட்டுல பத்திக்கும்.