“குமரிக்காரனுக்கு ஊசின்னா பயம்” – இப்படிச் சொன்ன ஆளு யாரு?

ரப்பர்க்காடு: நேத்து மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு வாசகசாலையில டெங்கு தடுப்பூசி ஆராய்ச்சி பத்தி விழிப்புணர்வுக் கூட்டமாம். வெளியூர்லேருந்து வந்த ஒரு பெரிய மனுஷர், “இப்படி ஒரு சோதனை உங்க ஊருக்கு வந்தா சேருவீங்களா”ன்னு கேட்டிருக்காரு. ஒரு கையும் எழும்பல. உடனே “படிப்புல முதல் மாவட்டம், ஊசின்னா ஓட்டம்”னு ஒரு நக்கல். ஓய், 2011 கணக்கெடுப்புல எங்க எழுத்தறிவு 91.75 சதவீதமாக்கும். படிச்சதாலதான் கை எழும்பல. சேருகதுல ஒரு பங்கு ஆளுகளுக்கு மருந்தே இல்லாத ஊசியாம். குத்துற நர்சுக்கே சிரிஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாதாம்! தெரியாம குத்திப் பாக்கதுக்கு எனக்க கையா கிடைச்சுது?

லேப் அக்கா: தெரியக்கூடாதுன்னுதான் தம்பி அப்படி வச்சிருக்கு. தெரிஞ்சா வேண்டப்பட்டவனுக்கு மருந்துள்ள குப்பியை எடுத்து வைப்பாங்க. மருந்து கிடைச்சவன் அன்னைக்கே கொசுவலையைச் சுருட்டிப் பரண்ல போட்டுருவான். குப்பியில வெறும் நம்பர்தான் இருக்கும். எந்த நம்பருக்கு என்ன மருந்துன்னு பட்டியல் வேற இடத்துல பூட்டி இருக்கும். ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவசரத்துக்குத் திறந்து பாக்கலாம்.

ரப்பர்க்காடு: அப்போ நர்சுக்குத் தெரியாது. ஒத்துக்கிட்டதுக்கு நன்றி.

குளச்சல்காரன்: கொள்ளாம், கொள்ளாம். அண்ணாச்சி காய்ச்சல் வந்தா மருந்துக்கடையில போய் “ரெண்டு நாளைக்கு குடுங்க”ன்னு மஞ்சளும் வெள்ளையுமா பொட்டலம் வாங்கி முழுங்குவாரு. அதுல என்னன்னு ஒருநாளும் கேட்டதில்ல. இங்க வந்து சிரிஞ்சுக்கு விசாரணைக் கமிஷன் வைக்காரு.

ரப்பர்க்காடு: கடைக்காரனுக்குத் தெரியும். நர்சுக்குத் தெரியாது. இந்த வித்தியாசம் புரியாதவன் மஸ்கட்டுல ஏசியில இருந்துகிட்டு எனக்குப் பாடம் எடுக்கப்படாது. முன்னாடி இங்க நடந்த ஏவிஎம் கால்வாய் சண்டையிலயும் இதே ஆளுதான். மேப்பு காட்டுதேன், காட்டுதேன்னு சொல்லி இன்னும் காட்டல.

பழைய பேப்பர்: ரெண்டு பேரும் கொஞ்சம் அடங்குங்க. செங்கல்பட்டுல 1968-ல டிபிக்கு (காசநோய்) போடுற பிசிஜி ஊசிக்குப் பெரிய சோதனை ஒண்ணு தொடங்குனாங்க. இரண்டரை லட்சத்துக்கும் மேல ஆளுக. ஒரு பகுதிக்கு மருந்தில்லாத ஊசிதான். கடைசியில பாத்தா, பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டிபியை பிசிஜி தடுக்கல. உலகமே அதிர்ந்துபோச்சு. அந்த மருந்தில்லாத கூட்டத்தோட ஒப்பிட்டுப் பாக்காம இருந்திருந்தா இது வெளியில வந்திருக்குமா?

ரப்பர்க்காடு: ஆக, செங்கல்பட்டுக்காரனுக்கும் வெறும் ஊசி. குத்துனவங்களுக்கும் தெரியாது. எனக்கு சாட்சி நீரே எடுத்துத் தந்துட்டீரு வோய்.

பழைய பேப்பர்: நான் சொன்னதுல பாதியைத்தான் நீரு படிச்சிருக்கீரு.

தோவாளைப்பூ: நர்சு கதையை விடுங்க அண்ணே. பிலிப்பைன்ஸ்ல 8 லட்சத்துக்கும் மேல பிள்ளைங்களுக்கு டெங்கு ஊசி போட்டாச்சு. அதுக்கப்புறம் 2017 நவம்பர்ல கம்பெனியே வந்து சொல்லுது, முன்னாடி டெங்கு வராத பிள்ளைக்குப் போட்டா, பிறகு காய்ச்சல் வரும்போது கடுமையா ஆகலாம்னு. ரெண்டு பிள்ளை பெத்தவ எதை நம்பிக் கை தூக்குவா?

லேப் அக்கா: நல்ல கேள்வி பிள்ளே. ஆனா பிலிப்பைன்ஸ்ல அது சோதனையா நடக்கல. அனுமதி கிடைச்ச பிறகு அரசாங்கம் போட்டது. அதுக்கு முந்தி நடந்த சோதனையில ஊசிக்கு முன்னாடி எல்லார் ரத்தத்தையும் எடுக்கல, கொஞ்சப் பேருதுதான் எடுத்தாங்க. யாருக்கு முன்னாடி டெங்கு வந்திருக்குன்னு தெரியல, கோளாறு அங்கதான். டெங்குல நாலு வகை வைரஸ் உண்டு. ஒண்ணு வந்துபோன ஆளுக்கு வேறொண்ணு வந்தா சிலசமயம் ரெண்டாவதுதான் மோசம். முன்னாடி வராத பிள்ளைக்கு ஊசியே அந்த முதல் டெங்கு மாதிரி ஆயிரலாம். அதனாலதான் 2024 ஆகஸ்ட்ல ஹரியானாவுல ரோத்தக்குல தொடங்குன நம்ம நாட்டு ஊசி சோதனையில 10,335 பேரைச் சேர்த்து ரெண்டு வருஷம் கண்காணிக்கணும்னு வச்சாங்க. எல்லாரும் பெரியவங்க. பிள்ளைங்க கிடையாது.

ரப்பர்க்காடு: ரோத்தக் எங்க கிடக்கு, குலசேகரம் எங்க கிடக்கு? அங்க குத்துனவங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அதைச் சொல்லுங்க.

லேப் அக்கா: தெரியாது! தெரியாது! எத்தனை தடவை எழுதணும்? கையெழுத்து வாங்கும்போதே “மருந்தில்லாத ஊசியும் கிடைக்கலாம்”னு நம்ம பாஷையில எழுதித் தரணும். பிடிக்கலன்னா பாதியில வந்துரலாம், காரணம் கேக்கமாட்டாங்க. சோதனையால உடம்புக்கு ஏதாவது வந்தா சிகிச்சைச் செலவு, இழப்பீடு எல்லாம் 2019 மருந்துச் சோதனை விதியில இருக்கு. படிச்ச மாவட்டம்னு சொல்லுதீயளே, அதையும் படிங்க.

பழைய பேப்பர்: விதி ஏட்டுல இருக்கும் அக்கா. 2009, 2010-ல அப்போ ஆந்திராவுல இருந்த கம்மம் பக்கம் பெண்பிள்ளைகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்குற எச்பிவி ஊசி சோதிச்சுப் போட்டாங்களே, எத்தனையோ படிவத்துல கையெழுத்து போட்டது தாய் தகப்பன் இல்ல, விடுதி வார்டன். 2013-ல நாடாளுமன்றக் குழுவே கண்டிச்சுது. கூட்டம் போட்டு நக்கலடிக்கதுக்கு முன்னாடி இதை அந்தப் பெரிய மனுஷர் சொல்லியிருந்தா ஜனம் கொஞ்சமாவது நம்பும்.

குளச்சல்காரன்: ஊசியை விடுங்க. டெங்கு எங்கேருந்து வருது? மழைக்கு ரப்பர் பால்வெட்டு நின்னாச்சுன்னா பால் பிடிக்க மரத்துல தொங்குற சிரட்டையை ஒருத்தனும் கவுத்து வைக்கது கிடையாது. தோட்டம் பூரா கொசுப் பண்ணை. அண்ணாச்சிக்க தோட்டம் எத்தனை ஏக்கரு?

ரப்பர்க்காடு: எனக்க சிரட்டை எல்லாம் கவுந்துதான் கிடக்கு! உங்க கடற்கரையில வாசல் பூரா குடம் குடமா தண்ணி பிடிச்சு வச்சிருக்கியளே, அதுல என்ன வளருது, நெத்திலியா?

குளச்சல்காரன்: குழாய்ல தண்ணி வர்ற அன்னைக்கு குடத்துல பிடிக்காம வாயிலயா பிடிக்கது? மலையில இருக்கவனுக்கு என்ன தெரியும்.

தோவாளைப்பூ: எங்க தெருவுலயும் தண்ணி வந்து நாளாச்சு. போன தடவை மனு குடுக்க வந்தவங்க எங்கே?

ரப்பர்க்காடு: மனுவில நான் கையெழுத்து போட்டேன். மஸ்கட்டுக்காரன்தான் போடல.

குளச்சல்காரன்: நான் ஊர்லயே இல்லையே அண்ணாச்சி, எப்படிப் போடுவேன்? அது கிடக்கட்டும். சிரட்டை படத்தைப் போடும். தேதி தெரியிற மாதிரி.

ரப்பர்க்காடு: மழை விடட்டும். நீரு முதல்ல வீட்டுல சொல்லி குடத்துக்கு மூடி வாங்கும்.

பழைய பேப்பர்: கம்மம் விஷயத்துக்கு ஒருத்தரும் பதில் சொல்லல.

குளச்சல்காரன்: சிரட்டை படம் வரட்டும் வோய், பிறகு கம்மத்துக்குப் போவோம்.