மறுமொழி: ‘இதயக்காப்பு உயிர்ச்சத்து’ என்ற பெயர் பற்றி

> ஆன்டி-ஆக்சிடன்ட் வைட்டமின்களுக்கு ‘இதயக்காப்பு உயிர்ச்சத்து’ என்றும், செப்சிஸில் இதயம் பலவீனப்படுவதற்கு ‘நச்சுக்குருதி இதயநோய்’ என்றும் வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா.

முதல் சொல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பினாங்கில் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா ஐசியூவில் கிடக்க, “வைட்டமின் சி 1000 மில்லிகிராம் இருக்கா அண்ணே, வாங்கிக் கொடுக்கலாமா?” என்று கேட்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறவன். ‘காப்பு’ என்று பெயரிலேயே எழுதிவிட்டால், அவர்களுக்கு நாமே வாக்குக் கொடுத்தது போலாகிவிடும்.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. இதயத் தசை ஓயாமல் உழைப்பது. அதன் செல்களில், ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியா நெருக்கமாக அடைந்து கிடக்கும். தொற்றால் உடல் நிலைகுலையும் செப்சிஸில் அவை பழுதுபட்டு, எதையும் எளிதில் தாக்கும் வினைமிகு ஆக்சிஜனைக் கசியவிட்டுச் சுற்றியுள்ள சவ்வுகளை அரிக்கின்றன. வைட்டமின் ஈ அந்தச் சவ்வுக்குள் இருந்து தடுக்கிறது. செலவழிந்த ஈ-யை மீட்டுத் தருவது சி. மைட்டோகாண்டிரியாவுக்கே போய்ச் சேரும்படி அமைத்த வைட்டமின் ஈ கொடுத்த எலிகளின் இதயம் நன்றாகவே தாக்குப்பிடித்தது. மனிதர்களில் நடந்தது வேறு. 2022இல் வெளியான லோவிட் ஆய்வில், ஐசியூ செப்சிஸ் நோயாளிகளுக்கு வைட்டமின் சி-யை அதிக அளவில் ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். 28ஆம் நாளில் இறந்தவர்களும் உறுப்புச் செயலிழப்பு நீடித்தவர்களும் சேர்த்து, சி பெற்றவர்களில் 44.5 விழுக்காடு, பெறாதவர்களில் 38.5. அதாவது, கொடுத்த பக்கம்தான் மோசம். ஆகவே, வேதியியல் செய்கையை மட்டும் சொல்லும் ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பி’ போதும்.

அப்புறம் ‘நச்சுக்குருதி’. இங்கே வார்டில் மலாயில் ‘ஜங்கித்தான் கூமான் டாலாம் டாரா’ என்கிறார்கள். நம்மவர்களும் ‘ரத்தத்தில் கிருமி’ என்றே பேசுகிறார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனையில் கிருமியே வளராத செப்சிஸ் நோயாளிகளும் நிறைய உண்டு. தொற்றை எதிர்க்கப் போன உடல் நிலை தடுமாறித் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வது அது. 2016இன் வரையறையும் அதைத்தான் சொல்கிறது. மருத்துவமனைப் படிவத்தில் ‘செப்சிஸ்’ என்றே இருப்பதால் அப்படியே விட்டுவிடலாம்.

‘இதயநோய்’ என்றால் ஆயுள் முழுக்க மாத்திரை என்று குடும்பம் பயந்துவிடும். ‘செயலிழப்பு’ என்றால் இதயம் நின்றே போனதாக எடுத்துக்கொள்வார்கள். இந்த நிலையில் இதயத்தின் இடது கீழறை விரிந்து, ரத்தத்தை அழுத்தித் தள்ளும் வலு குறைகிறது. பிழைத்து வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது 7 முதல் 10 நாளில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதனால் ‘செப்சிஸ்வழி இதயத்தளர்ச்சி’ என்று முன்வைக்கிறேன். ‘தளர்வு’ சரிவராது, இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் இயல்பாகத் தளர்வதற்கு அந்தச் சொல் வேண்டும்.

ஒரே தயக்கம், ‘நரம்புத் தளர்ச்சி’ விளம்பரங்களால் இந்தச் சொல் கொஞ்சம் கெட்டுக் கிடக்கிறது. கோலாலம்பூர் மருத்துவமனைகளில் தாதியராக இருக்கும் நம் குழுச் சகோதரிகள், நோயாளியின் வீட்டாரிடம் சொல்லிப் பார்த்து எழுதினால் நல்லது.