இன்சுலின் டோஸ் தவறிய ஜூனியர் நர்ஸிடம் எப்படிப் பேசுவது?

வார்டு இன்சார்ஜ் (கேள்வி)

வணக்கம். மெடிக்கல் வார்டு, நைட் டியூட்டிக்கு இரண்டு ஸ்டாஃப். 12 யூனிட் ரெகுலர் இன்சுலின் போட வேண்டிய ஒரு அம்மாவுக்கு ஜூனியர் ஒருவர் 30 யூனிட் போட்டுவிட்டார். வயல் (இன்சுலின் குப்பி) தீர்ந்துபோனதால் இன்சுலின் பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுத்திருக்கிறார். சார்ட் எழுதும்போது சந்தேகம் வந்து, அரை மணி நேரத்துக்குள் அவரே டியூட்டி டாக்டரிடம் சொன்னார். சுகர் 62 வரை இறங்கியது. நோயாளி இப்போது நலம். ஆனால் அந்தப் பெண் இரண்டு நாளாக யாரிடமும் பேசுவதில்லை, ஊசி எடுத்தாலே கை நடுங்குகிறது. மேலே விளக்கக் கடிதம் கேட்கிறார்கள். வார்டில் மற்றவர்கள் "பெரிசு பண்ணாம விட்டுடுங்க சிஸ்டர்" என்கிறார்கள். அவரிடம் நான் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது?

வெண்சீருடை

சிஸ்டர், அவர் தானாக வந்து சொன்னார் என்பதிலிருந்து தொடங்குங்கள். ரெகுலர் இன்சுலின் தோலடியில் போட்டால் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். அரை மணியில் சொன்னதால்தான் மணிக்கொரு முறை சுகர் பார்க்கவும், குளுக்கோஸ் கொடுக்கவும், டெக்ஸ்ட்ரோஸ் (நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ்) எடுத்து வைக்கவும் அவகாசம் கிடைத்தது. விடியற்காலை வரை மறைத்திருந்தால் அந்த அம்மா தூக்கத்திலேயே மயங்கியிருப்பார், தூங்குகிறார் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். இந்தக் கணக்கை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். வெறும் ஆறுதலைவிட அது மனதில் நிற்கும்.

நர்ஸிங் ஸ்டேஷனில் வைத்துப் பேச வேண்டாம். கதவு மூடும் அறையில், இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். "ஏன்மா இப்படிப் பண்ணே?" என்று கேட்டால் "சாரி சிஸ்டர்" என்ற ஒரே பதில்தான் வரும். ட்ரேயில் என்னென்ன இருந்தது, எந்த சிரிஞ்ச் கையில் வந்தது, இன்னும் எத்தனை பேருக்கு ஊசி பாக்கி, நடுவில் யார் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அழுதால் அழட்டும், அவசரமாகத் தேற்ற வேண்டாம்.

"பரவாயில்ல, ஒண்ணும் ஆகலையே" என்பதை மட்டும் சொல்லாதீர்கள். என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அப்படிச் சொன்னால் தன் பயத்தை வெளியே சொல்ல அவருக்கு இடமில்லாமல் போகும். "நடந்தது தப்புதான்மா. நீ சொன்னதாலதான் அந்த அம்மாவைப் பார்க்க முடிஞ்சது. இனி என்ன செய்யலாம்னு சேர்ந்து பார்ப்போம்." இந்த மூன்றும் இதே வரிசையில் போதும்.

தரப்பிரிவு நர்ஸ்

இந்தத் தவறு எப்படி நடந்தது என்பது எண்ணிலேயே இருக்கிறது. நம் ஊரில் வயல் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 கோடு என்றால் 0.3 மில்லி. கார்ட்ரிட்ஜிலிருந்து அதே 0.3 மில்லி எடுத்தால் 30 யூனிட். அவர் கோட்டைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். மருந்தின் அடர்த்திதான் வேறு. தலைகீழாக, 40 வயலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 12 கோடு எடுத்தால் 4.8 யூனிட்தான் போகும். அப்போது சுகர் ஏறும், டாக்டர் டோஸைக் கூட்டுவார், தவறு யார் கண்ணிலும் படாது. உங்கள் வார்டில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கலாம்.

ஜேம்ஸ் ரீசன் போன்ற பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு சோதனை சொல்வார்கள்: அதே பயிற்சியுள்ள இன்னொருவரை அதே இரவில், அதே ட்ரேயோடு நிறுத்தினால் அவரும் இதையே செய்திருப்பாரா? உங்கள் ஸ்டாஃப் நாலு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். வயல் தீர்ந்தால் கார்ட்ரிட்ஜிலிருந்து இழுப்பது வழக்கமாகவே இருக்கிறது என்று தெரிந்தால், அவர் ஒருவரிடம் மட்டும் கடிதம் வாங்குவது அநியாயம்.

விளக்கக் கடிதமும் இன்சிடென்ட் ரிப்போர்ட்டும் (சம்பவ அறிக்கை) ஒன்றல்ல. முன்னது அவருடைய பர்சனல் ஃபைலுக்குப் போகும். பின்னதில் நேரம், மருந்து, அடர்த்தி, எந்த சிரிஞ்ச், சுகர் அளவுகள், யாருக்கு எப்போது சொல்லப்பட்டது, இவை போதும். "கவனக்குறைவால்" என்ற சொல் அதில் வேண்டாம். ரிப்போர்ட்டை அவரோடு சேர்ந்து உட்கார்ந்து நிரப்புங்கள், கார்ட்ரிட்ஜ் வழக்கத்தை வார்டு சார்பில் நீங்களே எழுதிக் கையெழுத்திடுங்கள். ரிப்போர்ட்டே வேண்டாம் என்பவர்கள் அவர் மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எழுதாமல் விட்டால் அடுத்த மாதம் அதே ட்ரே இன்னொரு ஜூனியர் கையில் இருக்கும். ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தாலோ, இனி யாரும் அரை மணியில் வந்து சொல்ல மாட்டார்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுப்பதை நிறுத்துங்கள். இரண்டு வகை சிரிஞ்சும் ஒரே டப்பாவில் இருக்கக் கூடாது. நைட்டுக்கு ஒரு வயல் கூடுதல் ஸ்டாக் வேண்டும். இன்சுலின் எடுத்ததும் இரண்டாவது ஆள் வயலையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பார்த்து இனிஷியல் போட வேண்டும். சிரிஞ்சை மட்டும் காட்டினால் இந்தத் தவறு பிடிபடாது.

ஐசியூ பிரதர்

மேலே இருவரும் சொல்லாத ஒன்று. கை நடுங்குகிறவரை இப்போதே தனியாக ஊசி போடச் சொல்லாதீர்கள். அதே சமயம் ஒரு மாதம் ரெஜிஸ்டர் எழுத உட்கார வைக்கவும் வேண்டாம், வார்டு அதைத் தண்டனை என்றே படிக்கும். முதலில் பகல் டியூட்டியில், பக்கத்தில் ஒருவர் நிற்க, இரண்டு நோயாளிகளுக்கு மட்டும் இன்சுலின் போடட்டும். நடுக்கம் போனதும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். எப்போது தனியாகப் போடலாம் என்பதை அவரையே சொல்லவிடுங்கள்.

ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், தவறு செய்த மருத்துவரையும் அந்தச் சம்பவத்தில் பாதிக்கப்பட்ட இரண்டாமவர் என்று எழுதினார். தூக்கமின்மையும் அதே காட்சி திரும்பத் திரும்ப வருவதும் இரண்டு வாரம் தாண்டினால் மனநல ஆலோசகரிடம் போகச் சொல்லுங்கள். வேலையை விட்டுவிடலாம், வாழ்ந்து என்ன என்ற மாதிரிப் பேசினால் அந்த இரண்டு வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.

வார்டு இன்சார்ஜ்

நன்றி. நோயாளி வீட்டாரிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த ஜூனியரையும் அழைத்துப்போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லலாமா?

வெண்சீருடை

இன்றே சொல்லிவிடுங்கள் சிஸ்டர், தாமதம்தான் அவர்களுக்குப் பெரிய கோபமாக வரும். சிகிச்சை பார்க்கும் டாக்டரும் நீங்களும் போங்கள். எந்த மருந்து எவ்வளவு கூடுதலாகப் போனது, உடனே என்ன செய்தோம், சுகர் இப்போது எவ்வளவு, இனி நடக்காமலிருக்க என்ன மாற்றினோம் என்று சொல்லி, மருத்துவமனை சார்பில் நீங்களே மன்னிப்புக் கேளுங்கள். அவர் பெயர் அங்கே தேவையில்லை. வீட்டார் முன் அவரை நிறுத்தாதீர்கள். பிறகு அவராகவே அந்த அம்மாவைப் பார்க்க விரும்பினால், டாக்டரிடமும் வீட்டாரிடமும் கேட்டுவிட்டு நீங்கள் கூடவே போங்கள்.