பூண்டு வெண்ணெய் சாஸ் கசக்கிறது, பிரிந்தும் போகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். பீட்சாவின் ஓரங்களைத் தொட்டுச் சாப்பிட வீட்டிலேயே பூண்டு வெண்ணெய் சாஸ் செய்கிறேன். 100 கிராம் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய 4 பல் பூண்டை அதில் வதக்கி, உப்பும் உலர்ந்த ஆரிகனோவும் சேர்த்து இறக்குவேன். மூன்று முறை செய்தும் அதே குறைகள்தாம். பூண்டு பொன்னிறமாகும்போது மணம் அருமையாக இருக்கிறது. கிண்ணத்தில் ஊற்றி மேசைக்குக் கொண்டுவருவதற்குள் கசப்பு ஏறிவிடுகிறது. மேலே மஞ்சளாக நெய்யும் அடியில் வெள்ளைக் கசடுமாகப் பிரிந்து, பீட்சா பாதி தீர்வதற்குள் உறையவும் தொடங்கிவிடுகிறது. கடையில் தரும் சாஸ் ஆறிய பிறகும் ஒரே சீராக இருப்பது எப்படி?

பதில் 1

கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் தாவர எண்ணெயில் பால்மமாக்கி, அதாவது எண்ணெயும் நீரும் பிரியாதபடி கலந்து, செய்யப்படுவது. அதனால்தான் அது உறைவதில்லை. அதனோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம், சுவையில் உங்களுடையதே மேல்.

கசப்புக்குக் காரணம், பூண்டு பொன்னிறமாகும்வரை நீங்கள் காத்திருப்பது. வெண்ணெயில் சுமார் 80 விழுக்காடு கொழுப்பும் 16 விழுக்காடு நீரும் உண்டு. அந்த நீர் கொதித்து வெளியேறும்வரை, அதாவது சடசடவென்ற ஓசை கேட்கும்வரை, வெப்பம் 100 பாகையை ஒட்டியே நிற்கும். ஓசை அடங்கியதும் விறுவிறுவென ஏறும். அடுப்பை அணைத்த பிறகும் சூடான கொழுப்பில் பூண்டு வெந்துகொண்டே இருப்பதால், பச்சை வாசனை போய், நிறம் இன்னும் வெளுப்பாக இருக்கும்போதே இறக்கி வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பதில் 2

மேலே சொன்னது சரியே. ஆனால் பிரிந்துபோவதையும் சேர்த்துத் தீர்க்க, வெண்ணெயை முதலில் உருக்காமல் தண்ணீரில் தொடங்குங்கள். பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் அப்படியே வைத்தால் மணம் நன்றாகக் கூடும். பிறகு இரண்டு மேசைக்கரண்டி நீரில் அதைச் சிறுதீயில் வேகவிடுங்கள். நீர் இருக்கும்வரை பூண்டு கருக வழியே இல்லை. நீர் பாதியாகச் சுண்டியதும், குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக ஒவ்வொன்றாகப் போட்டு, முந்தைய துண்டு கரைந்த பிறகே அடுத்ததைச் சேர்த்து, கைவிடாமல் அடித்துக் கலக்குங்கள். தெளிந்த நெய்யாக இல்லாமல், கரண்டியின் பின்புறத்தில் படியும் அளவுக்கு வெளிர்மஞ்சள் நிறத்தில் கெட்டியாக வரும். பிரெஞ்சுச் சமையலில் மிகப் பழகிய முறை இது. எக்காரணம் கொண்டும் அதன்பின் கொதிக்கவிடாதீர்கள், உடனே பிரிந்துவிடும்.

உறைவதைத் தாமதப்படுத்த, வெண்ணெயில் கால் பங்கைக் குறைத்து மணமற்ற எண்ணெய் சேர்க்கலாம். சாப்பிடும்போது கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைப்பதும் நல்லது. உப்பிட்ட வெண்ணெய் என்றால் ருசி பார்க்காமல் உப்புப் போடாதீர்கள்.

பதில் 3

மீதமாகும் சாஸைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். கொழுப்பில் மூழ்கிய பூண்டை வெளியே வைத்திருப்பது உண்மையிலேயே ஆபத்து. காற்றும் புளிப்பும் இல்லாத அந்தச் சூழலில் பாட்டுலிசம் என்ற கடுமையான உணவு நச்சுநோய்க்குக் காரணமான நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரக்கூடும். நச்சு சேர்ந்திருப்பதை மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. சாப்பிட்டு முடித்த கையோடு குளிர்பெட்டியில் வைத்து, நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைப்பதே சரி.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தண்ணீர் முறையில் இன்று செய்தேன். கசப்பு துளியும் இல்லை, கடைசித் துண்டுவரை பிரியவும் இல்லை. ஆனால் பூண்டு வேகும்போதே சில துளி எலுமிச்சைச் சாறு விட்டேன், பூண்டு இலேசாக நீலப்பச்சையாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

பதில் 2 எழுதியவர்

கெடவில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு சேரும்போது அந்த நிறம் வருவதுண்டு. அடுத்த முறை வெண்ணெய் முழுவதும் கலந்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சையைப் பிழியுங்கள்.