ராத்திரி சப்பாத்திக்கு மாறியும் எடை இறங்கவில்லை, என்ன செய்யலாம்?

கோவைக்காரன்:
வயது 46, உயரம் 168 செ.மீ., எடை 79 கிலோ. வங்கி கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தே வேலை. பொங்கல் முடிந்ததிலிருந்து காலையில் ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று நடக்கிறேன், 5 கிலோமீட்டர் வரும். ராத்திரி சோற்றை விட்டுவிட்டு நாலு சப்பாத்தி, குருமா. ஊசி அசைய மாட்டேன் என்கிறது. "நடந்து நடந்து செருப்புதான் தேயுது" என்று வீட்டில் கேலி வேறு.

சிங்காநல்லூர் சிவா:
சோற்றை மூன்று வேளையும் நிறுத்துங்கள் சார். கூடவே கொள்ளு ரசம். கொழுப்பு தானாகக் கரையும்.

மெஸ் அக்கா:
சிவா தம்பி, கொள்ளு நல்ல பயறு, அவ்வளவுதான். அது எதையும் கரைக்காது.

சார், நான் மெஸ் நடத்துகிறவள், எதையும் அளந்து போட்டே பழக்கம். ஒரு சப்பாத்திக்கு 35 கிராம் மாவு போகும், 120 கலோரி பக்கம். கல்லில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் இன்னொரு 40. நாலு சப்பாத்திக்கு 640 ஆகிவிட்டது, தேங்காய் அரைத்து ஊற்றிய குருமாவைச் சேர்க்காமலே. வடித்த சோறு 300 கிராம் சாப்பிட்டாலும் 390தான். உங்கள் ரெண்டு சுற்று நடைக்குச் செலவாவது 250 பக்கம் இருக்கும். வீட்டில் மாதம் எவ்வளவு எண்ணெய் வாங்குகிறீர்கள்?

கோவைக்காரன்:
5 லிட்டர் டின் ஒன்று. நாலு பேர். மாதக் கடைசியில் காலியாகிவிடும்.

மெஸ் அக்கா:
அப்போ ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், கிட்டத்தட்ட 340 கலோரி. வெளியில் சாப்பிடும் வடை, போண்டா தனி. டின்னை 3 லிட்டராகக் குறையுங்கள். எண்ணெய்த் தூக்கைச் சாய்த்து ஊற்றினால் கைக்குக் கணக்கே தெரியாது, உள்ளே ஒரு டீஸ்பூனைப் போட்டு வையுங்கள். சப்பாத்தியை எண்ணெய் விடாமல் சுட்டு இரண்டோடு நிறுத்தி, பக்கத்தில் பீன்ஸோ அவரைக்காயோ பொரியலை நிறையப் போட்டுக்கொள்ளுங்கள். கெட்டிப் பருப்பு ஒரு கரண்டி, இல்லை ஒரு முட்டை. சோறுதான் பிடிக்கும் என்றால் அதையே அளந்து சாப்பிடுங்கள், பாவம் ஒன்றும் இல்லை.

நடைராஜா:
அக்கா சொன்னது சரி. நடையை விடாதீர்கள், சுகருக்கும் பிரஷருக்கும் அது வேண்டும். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால். நம் ஆட்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 23க்கு மேல் போனாலே அதிக எடை என்கிறார்கள். உங்களுக்கு 28. எடை மெஷினோடு டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள், ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

கோவைக்காரன்:
இப்போதுதான் அளந்தேன், 98. சரி அக்கா, அடுத்த மாத மளிகை லிஸ்டில் 3 லிட்டர் என்றே எழுதிவிட்டேன். குருமாவுக்குத் தேங்காய் எவ்வளவு போடலாம்?

மெஸ் அக்கா:
நாலு பேருக்குக் கால் மூடி. கெட்டியாக வேண்டும் என்றால் பொட்டுக்கடலை ஒரு ஸ்பூன் சேர்த்து அரைக்கச் சொல்லுங்கள்.